அஞ்சும் ஒண்ணும்

ஆறு வற்றினால் முதலில் பொய் சொல்லத் தொடங்குவது சென்சார்தான். வெள்ளம் வந்தால் மூச்சுக்கு முந்நூறு தடவை அளவு அனுப்பும். தண்ணீர் அதன் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டாலோ, கடைசியாகப் பார்த்த எண்ணையே இறுகப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சௌக்கியம் என்று திரையில் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும். அந்த வருடம் மேல்முனை நிலையத்தின் சென்சார் அப்படித்தான் வாரக் கணக்கில் புளுகியது. கீழே இருந்த நிலையங்களெல்லாம் நாளுக்கு நாள் சரிய, மலையடிவாரத்தில் அது ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. நகரத்து நீர்க்கணக்கு அலுவலகத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இது என்ன, அசையாத ஆறா இருக்கே," என்றாள். "யாராவது நேர்ல போய்க் கோலைப் பாருங்க. பார்த்துட்டு போன் பண்ணிச் சொல்லுங்க."

கோல் என்றால் ஆற்றுக்குள் நட்டிருக்கும் அளவுக்கம்பம். வெள்ளை எனாமல் தகட்டில் கறுப்பு எண்கள். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் ஆற்றின் அன்றைய உயரம். சென்சார் வந்த பிறகு அந்தக் கோல்களை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது ஓர் இளம் பொறியாளப் பெண் தினமும் காலையில் மேல்முனைக்குப் போய், பாறையில் குந்தி உட்கார்ந்து, அளவைப் படித்துத் தொலைபேசியில் சொல்கிறாள். இங்கே சன்னலோர மேசையில் இவள் கேட்டு எழுதிக்கொள்கிறாள். பழையபடி.

இவள் அந்த அலுவலகத்தில் நீர்க்கணக்குப் பிரிவின் தலைமை அதிகாரி. மலையில் தொடங்கிக் கடலில் முடிகிற அந்த ஆற்றுப் படுகை முழுவதிலும் எங்கே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, நகரத்துக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று வாராவாரம் அறிக்கை எழுதுவது அவள் வேலை. வறட்சிக்கு மூன்று நிலை வைத்திருந்தார்கள். முதல் நிலையில் சிக்கனமாக இருங்கள் என்று கைகூப்பிக் கேட்பார்கள். இரண்டாம் நிலையில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். மூன்றாம் நிலை வந்தால் வயல் கால்வாய்களை அடைத்துவிட்டு, குடிக்க மட்டும்தான். மேல்முனைக் கோலில் தண்ணீர் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போனால் மூன்றாம் நிலை. அந்த எண் வெகு அருகில் வந்துவிட்டிருந்தது.

அறிக்கையில் கையெழுத்துப் போட அவளுக்குக் கை வராது. அவள் மூடச் சொல்லும் கால்வாயின் கடைசியில் யாரோ ஒருவருடைய பயிர் நின்றுகொண்டிருக்கும். ஆனாலும் போட்டாக வேண்டும். இருப்பது கொஞ்சம் என்றால், பிழைக்கக்கூடியதற்குத்தான் ஊற்ற முடியும்.

அவள் உட்காரும் அறையை இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. முன்பு சுவர் முழுக்க நீலச் சாயத்தில் ஆறு வரைந்திருந்தது. கிளையாறுகள் சேரும் இடமெல்லாம் சின்னச் சின்ன விளக்கு. இன்று பாதி ஆற்றைத் திரைகள் மறைத்துவிட்டன. மலைப்பக்கம் மட்டும் சன்னலை ஒட்டித் தெரிகிறது. மேல்முனை விளக்கு எரிந்து எத்தனையோ வருடமாகிறது, இருந்தும் யாரும் அதைக் கழற்றவில்லை. கழற்றப் போன மின்பணியாளரை இவள் முறைத்த முறைப்பில் அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவர்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது சென்சாரும் கிடையாது, திரையும் கிடையாது. காலையில் வரிசையாகத் தொலைபேசி மணி அடிக்கும். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஓர் ஆள் அளவு சொல்வார். சொல்பவருக்குப் பெயர் கிடையாது, நிலையம்தான் பெயர். "பாலத்தடி பேசுறேன்." "மணல்மேடு பேசுறேன்." "மேல்முனை பேசுறேன்." கேட்டு எழுதுகிறவளுக்கும் பெயர் கிடையாது. எடுத்ததும் அவள் சொல்ல வேண்டியது ஒரே சொல், "அறை."

முதல் நாள் அவள் அப்படித்தான் சொன்னாள். மேல்முனைக் குரல் நிதானமாகச் சொன்னது, "காலங்காத்தால எழுந்து, ஆத்துல எறங்கி, அளவு பாத்து, மேடேறி வந்து போன் பண்ணா, எடுத்தவுடனே அறையா? நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசைக்கு மேசை தலைகள் திரும்பின. அன்று முதல் அவருக்கு அவள் "அறை". கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைத்தெருவில், கூட்டத்தில், "அறை, அறை" என்று பின்னாலிருந்து அவர் கூப்பிடும்போது, நடுவில் போகிறவர்கள் தன்னைத்தான் அடிக்கச் சொல்கிறாரோ என்று ஒதுங்குவார்கள்.

அந்தத் தொலைபேசி வேலைக்கென்று சில விதிகள் இருந்தன. அவர் அளவு சொன்னால் இவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் அவர் "சரி" என்பார், தப்பாக இருந்தால் "இல்ல" என்பார். அந்தச் சரி வராமல் ஓர் எண்ணையும் எழுதக் கூடாது.

அடுத்தது தூண்டில். படுக்கையை விட்டு எழாமலே நேற்றைய அளவை ஒப்பிக்கிற புண்ணியவான்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அவர்களைப் பிடிக்க, அறை எப்போதாவது வேண்டுமென்றே ஓர் எண்ணைத் தப்பாகத் திருப்பிச் சொல்லும். விழித்திருக்கிறவன் "இல்ல" என்பான். தூங்குமூஞ்சி "சரி" என்று சொல்லி மாட்டிக்கொள்வான். மேல்முனை ஒரு தடவைகூடத் தூண்டிலில் சிக்கியதில்லை. அந்த வீம்பு அவரை விட்டுப் போனதே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, ஆறு பற்றியது. இவள் சேர்வதற்கு முன்னால் நடந்த கதை அது. பாலத்தடியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பணிவாக, "ஆறு ஆறு" என்று சொல்லியிருக்கிறார். ஆறு இன்றைக்கு ஆறில் இருக்கிறது என்று அர்த்தம். இங்கே கேட்டவர் அறுபத்தாறு என்று எழுதிவிட்டார். மேலதிகாரி பாதிச் சவரத்தோடு, ஒரு கன்னத்தில் நுரை வழிய, மதகுகளைத் திறக்கச் சொல்லி ஓடினாராம். சேர்த்து வைத்திருந்த தண்ணீரெல்லாம் கடலுக்குப் போனது. அன்று மாலையே உத்தரவு வந்தது. இனித் தொலைபேசியில் ஆறு என்றால் ஓடுகிற ஆறு மட்டும்தான். எண்ணுக்கு, "அஞ்சும் ஒண்ணும்".

உத்தரவு போட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார், உத்தரவு போகவில்லை. பதினாறு என்றால் "பத்தும் அஞ்சும் ஒண்ணும்". கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் அந்த வேலையில் இருந்தவர்கள் நாக்கில் அது பச்சை குத்தியதுபோல ஏறிவிட்டது. இவர்கள் வீட்டில் ஆறு என்கிற எண்ணே புழங்கவில்லை. "அஞ்சும் ஒண்ணும் மணிக்கு எழுப்பு." "இந்தச் சட்டையில அஞ்சும் ஒண்ணும் பொத்தான் இருந்துச்சே, ஒண்ணைக் காணோம்." ஒருமுறை அவர் கடையில் போய் அஞ்சும் ஒண்ணும் முட்டை கேட்க, கடைக்காரர் ஐந்தை ஒரு பையிலும் ஒன்றைத் தனிப் பையிலும் பவ்யமாகக் கட்டிக்கொடுத்தார். அந்த ஒற்றை முட்டையை அவர் வீடு வரைக்கும் தனிக்கையில் ஏந்தி வந்து இவளிடம் நீட்டினார். பிள்ளை இல்லாத வீடு. விளையாட்டெல்லாம் பெரியவர்களிடமே தங்கிவிட்டது.

அந்த முதல் வறட்சியை அவள் மறக்கமாட்டாள். தண்ணீர் இறங்கி இறங்கி, மேல்முனைக் கோலின் கடைசித் தகட்டையும் விட்டுப் போய்விட்டது. படிப்பதற்கு எண்ணே இல்லை. அப்படியும் அவர் தினமும் ஆற்றுக்குப் போனார், தினமும் அழைத்தார்.

"மேல்முனை பேசுறேன். பூஜ்யம்."

"பூஜ்யம்."

"சரி."

விதிப்படி அதோடு முடிந்தது. ஆனால் அறை முதலில் தொலைபேசியை வைக்கக் கூடாது என்று இன்னொரு விதி உண்டு. நிலையத்தில் இருப்பவர் வைத்த பிறகுதான் இவள் வைக்கலாம். அவர் வைக்கவில்லை.

"வேற ஏதாச்சும் உண்டா?" என்று கேட்பாள்.

"வேற ஒண்ணுமில்ல," என்பார். வைக்கமாட்டார். அங்கே ஏதோ பறவை கத்துவது கேட்கும். பிறகு மெல்லப் பேச்சு வளரும். நேற்று பாறையிடுக்கில் ஒரு மீன் மாட்டிக்கொண்டு துடித்தது, எடுத்துக் குட்டையில் விட்டேன். இன்று மேகம் வந்தது, பார்த்தது, போய்விட்டது. ஊரே பஞ்சத்தில் கிடந்த வருடம் அது. அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் நல்ல விளைச்சல்.

ஒருநாள் அவர் பூஜ்யம் என்றதும் இவள் வேண்டுமென்றே, "ஒண்ணு" என்று தூண்டில் போட்டாள்.

"இல்ல," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வறட்சி முடியிற வரைக்கும் எனக்கு லீவு கிடையாதாம். என்னைக்கு நான் ஒண்ணுன்னு சொல்றேனோ, அன்னைக்கு நான் அங்க கிளம்பி வர்றேன். உங்க வீட்டுல பேசிடலாமா?"

அறையில் எல்லாரும் இருந்தார்கள். "சரி," என்றாள். விதிப்படி அது அவர் சொல்ல வேண்டிய சொல். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் மணிச்சத்தத்துக்காகக் காத்திருந்ததும், மழை பிந்திப் பிந்தி வந்ததும், ஒரு காலையில் இரைச்சலுக்கு நடுவே "ஒண்ணு அறை, நெசமாவே ஒண்ணு" என்று அவர் கத்தியதும் தனிக்கதை.

பிறகு அவர் கீழே மாற்றலாகி வந்தார். நிலையம் நிலையமாகச் சென்சார் வந்தது. போன வருடம் ஓய்வு பெற்றார். இந்த வறட்சி தொடங்கிய சமயத்தில், காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது.

காலையில் அவருடைய தம்பி மருத்துவமனையில் இருப்பார். மாலையில் இவள் போவாள். விடுப்பு எடுக்க அவளும் ஆசைப்பட்டாள். ஆனால் வறட்சி நேரத்தில் அறை காலியாக இருக்கக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவரேதான். அப்படித்தான் அவள் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் முழுதாக ஆகவில்லை. மாலையில் போய் உட்கார்ந்தால் அவர் களைத்துக் கிடப்பார். இவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பேசியே பெண்ணை மயக்கின மனிதருக்கு, பேச்சில்லாமல் அவள் முன்னால் கிடக்கக் கூச்சம். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நேரத்தைப் போக்கிவிட்டு வருவாள்.

ஒருநாள் பிற்பகல் கொழுந்தன் அலுவலகத்துக்கே வந்து நின்றார். தையல் கடை வைத்திருப்பவர். அண்ணன் ஆற்றுக்கு அளவெடுத்தார், தம்பி ஆளுக்கு அளவெடுக்கிறார் என்று குடும்பத்தில் கேலி செய்வார்கள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"என்ன தம்பி, கடையை விட்டுட்டு?"

"போன்ல சொல்ல மனசு வரல அண்ணி." நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து நாடாவை விரலில் சுற்றினார். "நாளைக்குக் காலைல அண்ணனுக்கு ஒரு சோதனை வெக்கிறாங்க. அதுல தேறலைன்னா பேச்சுப் பயிற்சியை நிறுத்திடுவாங்களாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்றாங்க. பயிற்சி குடுக்கிற பொண்ணு ஒருத்திதான் இருக்கா, காத்திட்டிருக்கிறவங்க நெறைய பேராம்."

"நிறுத்திட்டா?"

"இப்ப விட்டா அப்புறம் பேச்சு வராதாம் அண்ணி."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இருப்பது கொஞ்சம், பிழைக்கக்கூடியதற்குத்தான் ஊற்ற முடியும். அவளே எழுதுகிற அறிக்கைதான் அது. கால்வாயின் கடைசியில் இந்தத் தடவை நின்றுகொண்டிருந்தது அவள் வீட்டுப் பயிர்.

"எதுல தேறலையாம்?"

"பத்து வரைக்கும் எண்ணச் சொல்றாங்க. அஞ்சு வரைக்கும் எப்படியோ தட்டுத் தடுமாறி வந்துடுறாரு. அதுக்கப்புறம் திரும்பவும் ஒண்ணுக்கே போயிடுறாரு. அஞ்சு, ஒண்ணுங்கிறாரு. அந்தப் பொண்ணும் பொறுமையா மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. இவரும் அஞ்சு வரைக்கும் வந்துட்டு, மறுபடி ஒண்ணு. அந்த எடத்தைத் தாண்டவே மாட்டேங்கிறாரு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அஞ்சு, ஒண்ணுன்னா சொல்றாரு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. நடுவுல என்ன சொல்றாரு?"

"நாக்கு குழறுது அண்ணி. அஞ்சு... ம்... ஒண்ணு... ம்னு ஒரு முனகல்..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். நாடா விரலிலிருந்து கழன்றது. "அண்ணி, இது உங்க வீட்டுல நீங்க பேசிக்கிறதுல்ல? அஞ்சும் ஒண்ணும்?"

"ஆமா."

"அடப் பாவி மனுஷா. கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன், எனக்கு உறைக்கவே இல்லையே. அந்த ஆஸ்பத்திரிக்குள்ள போனாலே புத்தி வேலை செய்ய மாட்டேங்குது."

"அவரு தாண்டிட்டாரு தம்பி," என்றாள். சிரிப்பு வந்தது. "அவங்கதான் அவரை ஏழுக்கு விட மாட்டேங்கிறாங்க."

கொழுந்தனும் சிரித்தார். ஆனால் எழவில்லை. இன்னொன்று பாக்கி இருக்கிறது என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"சொல்லுங்க."

"சொல்லக் கூசுது. உங்ககிட்ட மறைச்சுட்டேன். அண்ணன் அங்க வேலை செய்றவங்கள அடிக்கப் போறாராம். அதையும் சேர்த்துத்தான் வெளிய அனுப்பப் பாக்குறாங்க. படுக்கை விரிப்பு மாத்த ஒரு அம்மா வருவாங்க, தங்கமான அம்மா. அவங்களப் பாத்துக் கையை ஓங்கி, 'அறை, அறை'ன்னு மிரட்டுறாரு. ஒருத்தரையும் கடிஞ்சு பேசாத மனுஷன் அண்ணி அவரு. இப்படி ஆயிட்டாரேன்னு எனக்கு..."

"எந்தக் கையை?"

"இடது கைதானே வருது."

"எவ்வளவு தூரம் தூக்குறாரு? நீங்க தூக்கிக் காட்டுங்க."

கொழுந்தன் குழப்பத்தோடு இடது கையைத் தூக்கினார். அது காதோரம் வந்து நின்றது. விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல வளைந்திருந்தன.

"எப்பவும் இப்படித்தானா?"

"இல்ல அண்ணி, காலைல மட்டும்தான். விடிஞ்சு, டீ வர்றதுக்கு முன்னாடி. அப்புறம் நாள் பூரா ஒரு பேச்சும் இருக்காது."

அது அளவு சொல்கிற நேரம். அவள் சுவரைப் பார்த்தாள். திரைகளுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் எரியாத அந்தச் சின்ன விளக்கு இருந்தது.

"தம்பி," என்றாள். "உங்க அண்ணன் யாரையும் அடிக்கப் போகல. அவரு போன் பண்றாரு."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். இளையவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. இத்தனை நாளும் தினம் காலையில் இந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். மேல்முனையிலிருந்து அந்தப் பெண் அழைக்கிறாள், எடுத்துப் பேசுகிறாள். அதே நேரத்தில் ஊரின் இன்னொரு மூலையில் பழைய மேல்முனை அவளை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அறை எடுக்கவில்லை. யார் யாரோ அடிபடுமோ என்று பயந்து விலகிப் போயிருக்கிறார்கள்.

மாலையிலேயே பயிற்சியாளப் பெண்ணோடு தொலைபேசியில் பேசினாள். சின்னப் பெண், நல்ல பெண். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு எப்படி தெரியும்மா, இப்படி ஒரு ஆறு இருக்குன்னு," என்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும். இந்தக் கிறுக்குத்தனம் உலகத்துல எங்க அலுவலகத்துல மட்டும்தான்."

"ஆனா ஒரு விஷயம். பழகிப்போன வார்த்தை தானா வாயில வரும். அர்த்தம் புரிஞ்சு பேசுறாரான்னு எனக்குத் தெரியணும். கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னா நான் தேறிட்டாருன்னு எழுத முடியாது. தப்பா நெனைக்காதீங்க."

"நெனைக்கல. காலைல அவரு கையைத் தூக்குற நேரத்துக்கு நான் போன் பண்றேன். நீ எண் அட்டையை ஒவ்வொண்ணா அவருக்குக் காட்டு. வரிசையா வேண்டாம், கலைச்சுக் காட்டு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

"நீங்க நேர்லயே வந்துடலாமே அண்ணி," என்றார் பக்கத்தில் இருந்த கொழுந்தன்.

அவள் தலையாட்டி மறுத்தாள். நேரில் போனால் அவர் சுவரைப் பார்ப்பார். அவர் கூப்பிடுவது பெண்டாட்டியை இல்லை, அறையை. அறையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மறுநாள் காலை மேல்முனையிலிருந்து அந்த இளம் பொறியாளப் பெண் அழைத்தாள்.

"மேடம், இறங்கிடுச்சு. குறிக்குக் கீழ போயிடுச்சு. ரெண்டு தடவை பாத்துட்டேன்." எண்ணைச் சொன்னாள். இவள் திருப்பிச் சொன்னாள். "சரிங்க மேடம்," என்றாள் அந்தப் பெண்.

மூன்றாம் நிலை. அவள் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, கால்வாய்ப் பிரிவுக்குத் தகவல் சொல்லச் சொன்னாள். பக்கத்து மேசைப் பையன்கள் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். இன்று எத்தனை வயல் வரப்புகளில் யார் யார் நின்று வாய்க்காலைப் பார்ப்பார்களோ என்று நினைத்தாள். பிறகு நாற்காலியைச் சன்னல்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கொழுந்தனின் எண்ணை அழுத்தினாள்.

"காதுல வெச்சுட்டேன் அண்ணி," என்று கிசுகிசுத்தார் கொழுந்தன். "வெளிய எல்லாருக்கும் கேக்குற மாதிரியும் வெச்சிருக்கு."

முதல் நாள் வேலைக்கு வந்த பெண்போல இருந்தது அவளுக்கு. தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"அறை."

மூச்சுச் சத்தம் கேட்டது. வெகு நேரம் மூச்சு மட்டும்தான். பிறகு, ஆழத்திலிருந்து வாளி இழுப்பதுபோல ஒரு குரல். "மே... மேல்... மு... னை."

அங்கே யாரோ 'ஆ' என்றார்கள்.

"சொல்லுங்க மேல்முனை," என்றாள் சாதாரணமாக. அந்தச் சாதாரணத்தை வரவழைக்க அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பயிற்சியாளப் பெண் அட்டை காட்டியிருக்க வேண்டும். "நா... லு."

"நாலு."

"ச... ரி."

அடுத்த அட்டை. "அஞ்சு... ம்... ஒண்ணு... ம்."

"அஞ்சும் ஒண்ணும்."

"சரி."

"ஆறுன்னு எழுதின அட்டைதாம்மா காட்டினேன்," என்று பயிற்சியாளப் பெண்ணின் குரல் பின்னாலிருந்து கேட்டது. அதில் சிரிப்பு இருந்தது.

அடுத்தது, "மூ... ணு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதைச் செய்ய அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் சரி என்று சொல்லிவிட்டால், இதுவரை வந்ததெல்லாம் பழக்கத்தில் வந்தது என்றாகிவிடும். ஆனாலும் தூண்டிலைப் போட்டாள்.

"எட்டு."

மறுமுனையில் மூச்சு நின்றுபோனதுபோல இருந்தது. பிறகு அவர் தொண்டையில் ஏதோ உருண்டது. பழைய வீம்பெல்லாம் திரண்டு வந்தது.

"இல்ல," என்றார், குழறாமல். "மூணு."

"மூணு," என்று திருப்பிச் சொன்னாள். கண்ணீர் படிவத்தின் மேல் விழுந்து அவள் கையெழுத்தைக் கலைத்தது. மருத்துவமனையில் பயிற்சியாளப் பெண், "போதும்மா, போதும்மா, நான் எழுதிக்கிறேன்," என்பது கேட்டது. விரிப்பு மாற்றுகிற அம்மாவாக இருக்க வேண்டும், "என்னை அறையப் போறாருன்னுல்ல நெனச்சேன்? நான் என்னத்தக் கண்டேன்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

விதிப்படி இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"வேற ஏதாச்சும் உண்டா, மேல்முனை?"

அவர் பேச முயன்றார். இரண்டு மூன்று முறை தொடங்கி நின்றது. அவள் காத்திருந்தாள். அவசரமில்லை, அறை முதலில் வைக்காது.

"எ... எடுக்கல," என்றார்.

எத்தனை காலையாக அந்த ஒரு சொல்லைச் சேர்த்து வைத்திருந்தாரோ. அவள் வாயில் முதலில் வந்ததைச் சொன்னாள்.

"லைன் கெட்டுப் போயிருந்துச்சுங்க."

"இல்ல," என்றார் மேல்முனை.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சன்னலுக்கு வெளியே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மேகம் எதுவும் இல்லை.

"நான்தான் எடுக்கல," என்றாள்.

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"சரி," என்றார்.